ஐசியூல டாக்டர் கை சுத்தம் பண்ணாம பெட் பெட்டா போறாரே, படிச்சவங்களுக்குத் தெரியாதா?

கேட்டவரோட கேள்விய சுருக்கமா சொல்லிடறேன். அப்பா பத்து நாளா ஐசியூல இருக்கார், இவர் கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்துட்டே இருந்திருக்கார், ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் ஒரு பேஷன்ட்ட தொட்டுப் பாத்துட்டு அப்படியே அடுத்த பெட்டுக்குப் போறார், பின்னாடி வர்ற ஆறு பேரும் அதே மாதிரி, ஒவ்வொரு பெட் கால்மாட்டுலயும் கை சுத்தம் பண்ற ஆல்கஹால் பாட்டில் தொங்குது, ஒருத்தர் கூட அமுக்கல. இது தெரியாமையா, திமிரா, நான் வாயத் திறந்து கேக்கலாமான்னு கேட்டிருக்கார்.

தெரியும்ங்க, நல்லாவே தெரியும். பரீட்சை வெச்சா எல்லாரும் நூத்துக்கு நூறு வாங்குவாங்க. நான் பதினாலு வருஷமா நர்ஸ், அதுல ஒன்பது வருஷம் இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் நர்ஸ், அதாவது கையில ஒரு ஃபார்ம் வெச்சுக்கிட்டு ஓரமா நின்னு யார் கை சுத்தம் பண்றாங்க யார் பண்ணலன்னு டிக் போடறதுதான் என் பொழப்புல பாதி. நான் உள்ள நுழைஞ்ச உடனே "வந்துட்டாங்கப்பா"ன்னு ஒரு முணுமுணுப்பு, அடுத்த நிமிஷம் நாலு பக்கமும் பாட்டில் ச்சக் ச்சக்னு சத்தம், வார்டே ஸ்பிரிட் வாசனை. வெளிய போய் அஞ்சு நிமிஷம் கழிச்சு எட்டிப் பாத்தா பழைய குருடி கதவத் திறடி.

முதல்ல ஒரு கணக்கு. 2010ல வந்த ஒரு பெரிய தொகுப்பு ஆய்வு, 96 ஆய்வுகள ஒண்ணா சேத்துப் பாத்தது, பெரும்பாலும் பணக்கார நாட்டு ஆஸ்பத்திரிங்க. கை சுத்தம் பண்ண வேண்டிய தருணம் நூறு வந்தா உண்மையில பண்ணது சுமாரா 40. டாக்டர்ஸ் 32, நர்ஸ் 48. ஐசியூல இன்னும் கம்மி, 30லேர்ந்து 40க்குள்ள. இதெல்லாம் எல்லாரும் மேற்கோள் காட்டுற நம்பர், ஆனா எனக்கு அதுல முக்கியமாப் பட்டது வேற ஒண்ணு. பேஷன்ட்ட தொடறதுக்கு முன்னாடி சுத்தம் பண்ணது 21 சதவீதம், தொட்ட பிறகு பண்ணது 47. அதே ஆளு, அதே பாட்டில், அதே கட்டில். முன்னாடி பண்றதவிட பின்னாடி பண்றது ரெண்டு மடங்குக்கு மேல.

இதுக்குள்ளதான் உங்க கேள்விக்கு பதில் இருக்கு. கை சுத்தம் பண்றாங்க, ஆனா தனக்காகப் பண்றாங்க. பேஷன்ட்டுக்காகப் பண்றது அந்த 21தான்.

இத திமிருன்னு சொல்ல எனக்கு மனசு வரல, ஏன்னா நம்ம எல்லாரும் அப்படித்தான். சாவு வீட்டுக்குப் போயிட்டு வந்தா தலைக்கு ஊத்திக்கிட்டுத்தான் உள்ள வருவோம், போறதுக்கு முன்னாடி யாராவது அந்த வீட்டுக்காரங்களுக்காக குளிச்சுட்டுப் போறோமா? அருவருப்பு வந்தா கை தானா குழாயத் தேடிப் போகும், அதுக்கு யாரும் ட்ரெய்னிங் குடுக்க வேண்டாம். சளி பட்டுச்சு, மலம் பட்டுச்சு, ரத்தம் பட்டுச்சுன்னா எந்த டாக்டரும் கழுவாம இருக்க மாட்டார், நான் பாத்ததே இல்ல. ஆனா ஒரு மானிட்டர் பட்டன அமுக்குறோம், கட்டில் கம்பியப் பிடிக்கிறோம், போன எடுத்துப் பேசறோம், கேஸ் ஷீட்டப் புரட்டுறோம், கை பாக்க பளிச்சுனு இருக்கு, வாசனை இல்ல, பிசுபிசுப்பு இல்ல, மனசு அலாரம் அடிக்காது. ஐசியூல ஆளக் கொல்ற கிருமி உக்காந்திருக்கறது இந்த பளிச்சுனு இருக்கற கையிலதான்.

உங்க அப்பா பெட்டயே எடுத்துக்குவோம். ஸ்டாஃப் வந்து யூரின் பேக் காலி பண்றாங்க, அப்புறம் கழுத்துல போட்டிருக்கற சென்ட்ரல் லைன்ல, அதாவது பெரிய ரத்தக் குழாய்க்குள்ள போற டியூப்ல, மருந்து போடணும். யூரின் பேக்குக்கு அப்புறம் ஒரு தடவை, லைனத் தொடறதுக்கு முன்னாடி ஒரு தடவைன்னு ரெண்டு தருணம் இருக்கு, ரெண்டுக்கும் நடுவுல வேற எதையும் தொடலன்னா ஒரே ரப் (பாட்டில்ல இருக்கற ஆல்கஹாலக் கையில தேய்க்கறது) போதும். ஆனா நடுவுல திரையத் தள்ளுனாங்க, பம்ப் அடிக்குதுன்னு பட்டன அமுக்குனாங்கன்னா மறுபடி பண்ணணும். உலக சுகாதார நிறுவனம் சொல்ற அஞ்சு தருணம் இதுதான்: பேஷன்ட்ட தொடும் முன், ஊசி லைன் கேத்தீட்டர் மாதிரி சுத்தமான வேலைக்கு முன், உடம்புலேர்ந்து வர்ற திரவம் பட்ட பின், பேஷன்ட்ட தொட்ட பின், பேஷன்ட்டச் சுத்தி இருக்கற சாமானத் தொட்ட பின். நான் டிக் போடற ஃபார்ம்ல ரெண்டாவது கட்டமும் அஞ்சாவது கட்டமும்தான் எப்பவும் காலியா கிடக்கும், ரெண்டாவதுதான் உயிருக்கே ஆபத்தானது, அங்க ஒரு தப்பு நடந்தா கிருமி நேரா ரத்தத்துக்குள்ள போகுது.

க்ளவுஸ் போட்டுட்டாங்களேன்னு கேப்பீங்க. க்ளவுஸ்தான் எனக்கு பெரிய தலைவலி. அது தன் கையக் காப்பாத்தும், பேஷன்ட்டக் காப்பாத்தணும்னா பேஷன்ட்டுக்குப் பேஷன்ட் மாத்தணும், ஏன், ஒரே பேஷன்ட்டுக்கே வேலைக்கு வேலை மாத்தணும். ஒரே ஜோடி க்ளவுஸோட மூணு பெட் சுத்தி வந்து போனும் பேசறவங்கள நான் பாத்திருக்கேன். இங்கிலாந்துலயும் வேல்ஸ்லயும் 15 ஆஸ்பத்திரில பாத்து 2011ல எழுதினாங்க, க்ளவுஸ் போடாதப்ப கை சுத்தம் 50 சதவீதம், போட்டப்ப 41. மேல ஒரு தோல் மாட்டியாச்சுன்னா உள்ள இருக்கற கைய மறந்துடறோம். கழட்டுறப்ப கை மறுபடி அழுக்காகும், க்ளவுஸ்ல கண்ணுக்குத் தெரியாத ஓட்டையும் இருக்கும், இது எல்லாருக்கும் தெரியும், ஆனாலும் கழட்டி பக்கெட்ல போட்டுட்டு அப்படியே போயிடுவாங்க.

சரி, மனசு மட்டும்தான் காரணமான்னா இல்ல, நேரமும் இருக்கு, இதுல ஸ்டாஃப் பக்கம் நின்னு பேசியே ஆகணும். ஐசியூல ஒரு பேஷன்ட்டப் பாக்கறப்ப மணிக்கு 20 தடவைக்கு மேல கை சுத்தம் பண்ற தருணம் வரும். சோப்பு தண்ணி போட்டு முறையா கழுவணும்னா 40லேர்ந்து 60 செகண்ட், அதுக்கு பேசினுக்கு நடக்கணும், துடைக்கணும், திரும்பி வரணும், ஒண்ணரை நிமிஷம் வெச்சுக்கங்க. 20 தடவைன்னா அரை மணி நேரம். ஒரு மணி நேரத்துல அரை மணி நேரம் குழாயடில நிக்கிற நர்ஸ எந்த ஆஸ்பத்திரி வேலைக்கு வெச்சுக்கும்? 1997லயே ரெண்டு பேர் இந்தக் கணக்கப் போட்டுக் காட்டினாங்க: 12 நர்ஸ் இருக்கற ஐசியூல ஒரு பகல் ஷிஃப்ட்ல எல்லாரும் ஒண்ணு விடாம சோப்பு போட்டுக் கழுவினா 16 மணி நேர வேலை அதுலயே போயிடும், ஆல்கஹால் ரப்னா 3 மணி நேரம். அதாவது ரெண்டு ஆள் சம்பளம் முழுசா கை கழுவுறதுக்கே. "நேரம் இல்ல சிஸ்டர்"னு அவங்க சொன்னப்ப அது சாக்கு இல்ல, நிஜம்.

இந்த முடிச்ச அவுத்தது ஜெனீவா பல்கலைக்கழக ஆஸ்பத்திரி. டிடியே பிட்டே அங்க தொற்று தடுப்புக்குத் தலைவரா இருந்தார். 1994ல எண்ணிப் பாத்தப்ப கம்ப்ளையன்ஸ், அதாவது பண்ண வேண்டிய தருணத்துல நிஜமாப் பண்ணது, 48 சதவீதம், டாக்டர்ஸ் அதவிட ரொம்ப கம்மி, வேலை எவ்ளோ அதிகமோ கை சுத்தம் அவ்ளோ கம்மி. அவர் யாரையும் திட்டல, பேசினுக்குப் போன்னு சொல்றத விட்டுட்டு ஆல்கஹால் ரப்ப கட்டில் பக்கத்துக்கே கொண்டு வந்தார், பாக்கெட்ல போட்டுக்கற சின்ன பாட்டில் குடுத்தார், சுவர் பூரா போஸ்டர், எண்ணிப் பாத்து ரிசல்ட்ட அவங்ககிட்டயே திருப்பிக் காட்டுறது, நிர்வாகம் பக்கத்துல நிக்கிறது. 1997ல 66 சதவீதம் ஆச்சு. ஆஸ்பத்திரில வந்து தொத்திக்கிட்ட நோய் 1994ல 16.9 சதவீதம் பேருக்கு இருந்தது 1998ல 9.9க்கு வந்துச்சு. இதுல இன்னொரு விஷயம், நர்ஸுங்கதான் நல்லா ஏறினாங்க, டாக்டர்ஸ் பெருசா அசையல. ஜெனீவாவுக்கே அந்தக் கதின்னா நம்ம ஊரப் பத்தி கேக்கணுமா.

100 சதவீதம் கனவு காணாதீங்கன்னு இதத்தான் நான் எங்க மேனேஜ்மென்ட்டுக்கு சொல்றது. உலகத்துலயே பேர் வாங்கின ஆஸ்பத்திரி மூணு வருஷம் உழைச்சு 48லேர்ந்து 66. எவனாவது எங்க வார்டு 98 சதவீதம்னு போர்டு மாட்டியிருந்தா அந்த போர்ட நம்பாதீங்க.

ஏன் நம்பக் கூடாதுன்னா, எண்ணுறவங்க நின்னா எல்லாரும் யோக்கியங்க. கனடாவுல டொராண்டோல பாட்டில்லயே மெஷின் வெச்சு எண்ணிப் பாத்தாங்க, ஆடிட்டர் கண்ணுக்குத் தெரியற இடத்துல இருந்தப்ப கை சுத்தம் ஏறத்தாழ மூணு மடங்கு. நான் பாக்கற ஆடிட்டோட லட்சணம் இதுதான்னு எனக்கே தெரியும், அதனால எனக்குப் பிடிச்ச கணக்கு வேற, ஸ்டோர்ல போய் இந்த மாசம் எத்தன லிட்டர் ரப் போச்சுன்னு கேக்கறது. பாட்டில் பொய் சொல்லாது (யாராவது வீட்டுக்கு எடுத்துட்டுப் போகாத வரைக்கும்). உலக சுகாதார நிறுவனம் வெச்சிருக்கற அளவு 1000 பேஷன்ட் நாளுக்கு 20 லிட்டர். பெருசாத் தெரியும், வகுத்துப் பாருங்க, ஒரு பேஷன்ட்டுக்கு ஒரு நாளைக்கு 20 மில்லி, ஒரு தடவைக்கு 3 மில்லின்னா ஆறு ஏழு தடவை. 24 மணி நேரத்துக்கு மொத்தமா, டாக்டர், நர்ஸ், பிசியோ, லேப்ல ரத்தம் எடுக்க வர்றவங்க, எக்ஸ்ரே தம்பி எல்லாரும் சேத்து. ஐசியூல மணிக்கு 20னு மேல சொன்னேன் பாருங்க, இத அதோட வெச்சுப் பாருங்க. இந்த ஆறு ஏழயே எட்டாத வார்டுங்க எவ்ளோ இருக்குன்னு எனக்குத்தான் தெரியும்.

எட்டாததுக்கு காரணம் பாதி நேரம் ரொம்ப அல்பமானது. பாட்டில் காலி. மாசக் கடைசி, ஸ்டோருக்கு இன்டென்ட் எழுதிக் கேட்டாச்சு, வரல. இல்லன்னா வந்த பாட்டில் காணாமப் போயிடும்னு பீரோல பூட்டி சாவி இன்சார்ஜ் சிஸ்டர்கிட்ட. இல்லன்னா பம்ப் உடைஞ்சிருக்கும், அமுக்கினா சட்டையில அடிக்கும். இல்லன்னா பாட்டில வாசல் சுவத்துல மாட்டியிருப்பாங்க, பாக்க அழகா இருக்கும், ஆனா வேலை நடக்கறது பெட்டுகிட்ட, பத்தடி தள்ளி இருக்கற பாட்டில் நிலாவுல இருக்கற மாதிரி. பேசின் கதை இன்னும் மோசம், கைப்பிடியத் திருகித்தான் மூடணும், கழுவின கையால அந்த அழுக்குக் குழாயவே மறுபடி தொடணும், தண்ணில ஊறிப் போன சோப்புக் கட்டி, பக்கத்துல காலைலேர்ந்து எல்லாரும் துடைக்கிற ஒரே ஈரத் துண்டு. அதுல துடைக்கறதுக்கு கழுவாமலே இருந்திருக்கலாம். 2022ல உலக அளவுல வந்த கணக்குலயே ஆஸ்பத்திரி, சுகாதார நிலையம் எல்லாம் சேத்து பாதி இடத்துல, பேஷன்ட் பாக்கற இடம், கழிப்பறைன்னு ரெண்டுல ஒண்ணுலயாவது கை சுத்தம் பண்ற அடிப்படை வசதி இல்ல. காசு இல்லன்னு சொல்ற ஆஸ்பத்திரிக்காகவே உலக சுகாதார நிறுவனம் ரப் ஃபார்முலாவ பிராண்ட் எதுவும் இல்லாம பொதுவுல குடுத்திருக்காங்க: 10 லிட்டருக்கு 96 சதவீத எத்தனால் 8333 மில்லி, 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைட் 417 மில்லி, கிளிசரால் 145 மில்லி, மீதி காய்ச்சி ஆற வெச்ச தண்ணி. எத்தனாலுக்கு எக்சைஸ் லைசன்ஸ் தொல்லைன்னா ஐசோப்ரோப்பைல்ல பண்ணலாம். ஆஸ்பத்திரி ஃபார்மசிலயே கலக்கலாம், வீட்ல யாரும் முயற்சி பண்ணாதீங்க, பத்திக்கும்.

கை எரியுதுன்னு ஒரு புகார் வரும், அது உண்மைதான். ஆனா முக்காவாசி பேருக்கு எரியறது ரப்னால இல்ல, சோப்பு போட்டுக் கழுவி ஈரம் காயறதுக்குள்ள அதுமேல ரப் போடறதால. ரெண்டுல ஒண்ணு போதும். அழுக்கு கண்ணுக்குத் தெரிஞ்சாலோ, சி டிஃப்ங்கற கிருமி மாதிரி ஸ்போர் (கெட்டி ஓடு போட்ட கிருமி விதை) விடற பேதி கேஸா இருந்தாலோ சோப்பும் தண்ணியும், மத்த எல்லாத்துக்கும் ரப். ஸ்போர ஆல்கஹால் கொல்லாது, அது மட்டும் ஞாபகம் வெச்சுக்கிட்டா போதும்.

இப்ப உங்க பெரிய டாக்டருக்கு வர்றேன். ரவுண்ட்ஸ்ல சீஃப் கை எப்படியோ பின்னாடி வர்ற அத்தன கையும் அப்படித்தான். அறைக்குள்ள பெரியவங்க ஒருத்தர் கை சுத்தம் பண்ணலன்னா கூட இருக்கறவங்க பண்றது குறைஞ்சு போகுதுன்னு அமெரிக்காவுல 2003லயே எழுதிட்டாங்க, ஆனா எனக்கு அதப் படிச்சுத் தெரிய வேண்டிய அவசியம் இல்ல. ஒரு யூனிட்ல சீஃப் ரிட்டயர் ஆனார், புதுசா வந்தவர் ஒவ்வொரு பெட்லயும் கைல ரப் போட்டுக்கிட்டு அது காயற வரைக்கும் கேஸ் சொல்லச் சொல்லி நின்னு கேப்பார், ஒரு வார்த்தை யாரையும் சொன்னதில்ல. ரெண்டு வாரத்துல ஹவுஸ் சர்ஜன் பசங்க வரைக்கும் அதே மாதிரி கையத் தேச்சுக்கிட்டே கேஸ் சொல்ல ஆரம்பிச்சுட்டாங்க. நான் நாலு வருஷம் கத்தி நடக்காதது.

கத்தினதப் பத்தி சொல்லணும், அது என் தப்பு. ஆரம்பத்துல ஒரு பிஜி (மேல்படிப்பு படிக்கற) டாக்டர எல்லார் முன்னாடியும், பேஷன்ட் சொந்தக்காரங்க முன்னாடியே, "டாக்டர் கை!"ன்னு அதட்டிட்டேன். அதுக்கப்புறம் அந்தப் பையன் நான் இருந்தா பாட்டில நாலு தடவ அமுக்குவான், நான் இல்லன்னா ஒரு தடவ கூட இல்லன்னு ஸ்டாஃப் சொன்னாங்க. வியன்னாவுல செம்மல்வைஸ்ங்கற டாக்டருக்கும் இதேதான் ஆச்சு. 1847ல பிரசவ வார்டுல, பிணம் அறுத்துட்டு அப்படியே வர்ற டாக்டருங்கள குளோரின் தண்ணில கை கழுவ வெச்சார், ஏப்ரல்ல 18 சதவீதமா இருந்த தாய் சாவு ஜூன்ல 2 சதவீதத்துக்கு வந்துச்சு. நம்பர் அவர் பக்கம்தான் இருந்துச்சு. ஆனா கேக்காதவங்கள கொலைகாரன்னு லெட்டர் எழுதித் திட்டினார், கூட இருந்தவங்களும் விலகிப் போயிட்டாங்க, 1865ல மனநோய் விடுதில செத்தார். குளோரின ஏன் எடுத்தார் தெரியுமா, பிண வாடை கையிலேர்ந்து போகணும்னு. அப்பவும் மூக்குக்குத் தெரிஞ்ச அழுக்குதான், கிருமின்னு ஒண்ணு இருக்கறது அவருக்கே தெரியாது.

கோவிட்ல பாத்திருப்பீங்க. பயம் வந்தா எல்லாம் தானா நடக்கும். சிகாகோ பல்கலைக்கழக ஆஸ்பத்திரில மெஷின் வெச்சு எண்ணிட்டு இருந்தாங்க, 2019ல 50 சொச்சம் சதவீதம், 2020 மார்ச் கடைசில 92க்கு மேல, ஆகஸ்ட்டுக்குள்ள மறுபடி 50 சொச்சம். தன் உயிருக்கு பயந்து ஏறினது பயம் போனதும் இறங்கிடுச்சு. அதே சமயம், உனக்கு நோய் வரும் உனக்கு நோய் வரும்னு சும்மா போஸ்டர் ஒட்டினா அதுவும் வேலைக்காகல, கிராண்ட், ஹாஃப்மன்னு ரெண்டு பேர் 2011ல சோதிச்சாங்க, சோப்பு டப்பா மேல 'கை சுத்தம் உங்களை நோயிலேர்ந்து காக்கும்'னு ஒரு போர்டு, 'நோயாளிகளைக் காக்கும்'னு ஒரு போர்டு. நோயாளின்னு எழுதின டப்பாலதான் செலவு ஏறுச்சு. எனக்கு ஒண்ணும் ஆகாதுங்கற தைரியம் ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு ஜாஸ்தி, ஆனா பேஷன்ட்ட ஞாபகப்படுத்தினா மனசு இறங்குது. அதப் படிச்சுட்டு எங்க ஐசியூல கிருமி படம் போட்ட போஸ்டரெல்லாம் கிழிச்சுட்டு "பெட் 4க்கு கழுத்துல லைன் இருக்கு"ன்னு கையால எழுதி ஒட்டினேன், அது மத்த எதையும்விட நல்லா வேலை செஞ்சுச்சு.

களைப்பு ஒண்ணு இருக்கு. 35 அமெரிக்க ஆஸ்பத்திரில ஒரு கோடிக்கு மேல தருணங்கள மெஷின்ல பாத்தாங்க, 12 மணி நேர ஷிஃப்ட் ஆரம்பத்துக்கும் முடிவுக்கும் நடுவுல கை சுத்தம் 8.7 சதவீதப் புள்ளி குறையுது. ஒரு ஸ்டாஃப்புக்கு நாலு பெட் குடுத்து நைட்டும் பாக்கச் சொன்னா விடிகாலை அஞ்சு மணிக்கு முதல்ல விடறது கையத்தான், ஏன்னா மருந்து விட்டா உடனே தெரியும், கை விட்டா மூணு நாள் கழிச்சு ஜுரம் வரும், அப்ப அது யார் கைன்னு எந்தக் கடவுளுக்கும் தெரியாது. நம்மள மாதிரி நாடுகள்ல ஆஸ்பத்திரில சேர்ற 100 பேர்ல 15 பேருக்கு அங்கயே ஒரு தொற்று ஒட்டிக்குது, பணக்கார நாட்டுல 7. தொற்று வந்தவங்கள்ல பத்துல ஒருத்தர் அதால சாகறாங்க. எதுலயும் யார் பேரும் எழுதியிருக்காது.

கடைசியா, நீங்க கேக்கலாமா? தாராளமா கேக்கலாம், ஆனா எப்படிங்கறதுலதான் இருக்கு. "ஏன் கை கழுவல"ன்னு கேட்டீங்கன்னா அன்னிக்கு ஒரு தடவை நடக்கும், அப்புறம் உங்கள "அந்த பெட் 7 அட்டெண்டர்"னு பேர் வெச்சுடுவாங்க. பச்சப் பிள்ளையத் தூக்க வர்றவங்ககிட்ட பாட்டி சொல்லும்ல, "கை கால் கழுவிட்டு வாப்பா, பிள்ளையத் தரேன்"னு, அதுல திட்டும் இல்ல, சந்தேகமும் இல்ல, யாரும் கோவிச்சுக்கிட்டதும் இல்ல, நம்ம ஊருல "முன்னாடி" அடுத்தவங்களுக்காகக் கழுவுற பழக்கம் இருக்கற ஒரே இடம் அது. அந்தக் குரல்ல கேளுங்க. பார்வையாளர் நேரத்துல உள்ள விட்டா முதல்ல அந்த பாட்டில நீங்க அமுக்குங்க, அவங்க பாக்கற மாதிரி நிதானமா 20 செகண்ட் தேயுங்க, கட்டைவிரலையும் நுனியையும் விடாம. டாக்டர் வந்தா "சார், அப்பாவுக்கு சர்க்கரை இருக்கு, சீக்கிரம் ஒட்டிக்கும்னு பயமா இருக்கு, கொஞ்சம் ஸ்டெரிலியம் போட்டுக்கறீங்களா"ன்னு பாட்டில நீட்டுங்க, நீட்டின பாட்டில வேண்டாம்னு சொன்ன டாக்டர நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. பாட்டில் காலியா இருந்தா டாக்டர்கிட்ட சொல்லாதீங்க, டியூட்டி ஸ்டாஃப்கிட்ட சொல்லுங்க, அதுவும் வரலன்னா இன்ஃபெக்‌ஷன் கன்ட்ரோல் நர்ஸ் யாருன்னு கேட்டு போன் பண்ணச் சொல்லுங்க, எங்கள யாரும் தேடி வர்றதே இல்ல, சந்தோஷமா ஓடி வருவோம்.

அப்புறம், அந்த விரல்ல போட்டிருக்கற மோதிரத்த வெளியவே கழட்டி பர்ஸ்ல வெச்சுட்டு உள்ள போங்க, அதுக்கு அடில ரப் போகாது.